வீடு மாறும்போது கண்ணாடியும் பீங்கானும் உடையாமல் போய்ச் சேர வேண்டுமா? முதல் முறை மாறுபவர்களுக்கு

போன தடவை நாங்கள் வீடு மாறியபோது 11 பொருட்கள் உடைந்தன. சாப்பாட்டுத் தட்டு ஆறு, நிலைக்கண்ணாடி ஒன்று, அம்மா கொடுத்த பீங்கான் கிண்ண செட்டில் மூன்று, ஒரு ஜாடியின் மூடி. வண்டி எங்கேயும் இடிக்கவில்லை, யாரும் பெட்டியைக் கீழே போடவும் இல்லை, இறக்கும்போது நானே பக்கத்தில் நின்றேன். அப்புறம் எப்படி என்று ஒவ்வொரு பெட்டியாக உட்கார்ந்து பிரித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது: உடைசல் இருந்த எல்லாப் பெட்டியிலும் காலி இடம் இருந்தது. வண்டி குலுங்கக் குலுங்க உள்ளே இருந்தவை நகர்ந்து, ஒன்றோடொன்று முட்டி, வழியிலேயே உடைந்திருக்கின்றன. நஷ்டஈடு கேட்டுப் பார்த்தோம், அதுவும் கிடைக்கவில்லை, ஏனென்றால் பட்டியலில் நாங்கள் எழுதியிருந்தது "சமையலறைப் பொருட்கள், 4 பெட்டி" என்ற ஒரே வரி.

அடுத்த தடவை விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டு, நேரம் ஒதுக்கி, டிவியையும் மேஜைக் கண்ணாடியையும் தவிர மற்ற எல்லாவற்றையும் நாங்களே கட்டினோம். 43 பெட்டி. ஒரு டம்ளர்கூட உடையவில்லை. அப்போது கற்றுக்கொண்டதைத்தான் வரிசையாக எழுதுகிறேன். நேராகத் தட்டு சுற்றுகிற இடத்துக்குப் போய்விடாமல் முதல் இரண்டு படிகளையும் படியுங்கள், பலரும் கோட்டை விடுவது அங்கேதான்.

1. முதலில் நாள் கணக்கு போடுங்கள்

உடையும் பொருளைக் கட்டுவதற்கு நீங்கள் நினைப்பதைப்போல இரண்டு மடங்கு நேரமாவது ஆகும். ஒரு நடுத்தரப் பெட்டி நிறைய தட்டும் கப்பும் கட்ட எனக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது, அதுவும் கை பழகிய பிறகு. முதல் பெட்டிக்கு ஒன்றேகால் மணி நேரம். உங்கள் வீட்டில் இப்படி எத்தனை பெட்டி வரும் என்று உத்தேசமாக எண்ணிப் பாருங்கள், எத்தனை மாலை வேண்டும் என்று தெரிந்துவிடும்.

எங்களுக்குச் சரியாக வந்த கணக்கு இது. கிளம்ப 3 வாரம் இருக்கும்போது பெட்டி, தாள், டேப் எல்லாம் வாங்கிச் சேர்ப்பது, எடுத்துப் போகத் தேவையில்லாததை யாருக்காவது கொடுத்துவிடுவது. 2 வாரம் இருக்கும்போது ஷோகேஸில் இருப்பவை, சுவரில் மாட்டியிருக்கும் படங்கள், விருந்தாளி வந்தால் மட்டும் எடுக்கும் தட்டுகள். கடைசி வாரத்தில் சமையலறை, ஆளுக்கு ஒரு தட்டு ஒரு டம்ளர் மட்டும் வெளியே இருக்கட்டும். கடைசி 2 நாளில் கண்ணாடிகள், விளக்குகள், ஃபிரிட்ஜைக் காலி செய்வது. டிவியும் கம்ப்யூட்டரும் கடைசியாக.

எல்லாவற்றையும் கடைசி ராத்திரிக்கு வைத்துக்கொள்ள மட்டும் வேண்டாம். எங்கள் ஆறு தட்டு உடைந்த பெட்டி ராத்திரி ஒரு மணிக்குக் கட்டியது. அந்த நேரத்தில் தாள் தீர்ந்திருந்தது, தூக்கம் கண்ணைச் சுழற்றியது, "இவ்வளவு போதும்" என்று மூடிவிட்டேன்.

2. பெட்டியைத் தொடும் முன் பட்டியலையும் போட்டோவையும் தயார் செய்யுங்கள்

உடைந்தால் பணம் திரும்பக் கிடைப்பதும் கிடைக்காததும் இந்த ஒரு வேலையில்தான் இருக்கிறது, அதனால் இதை விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் போட்டோ. விலை கூடிய பொருள், செட்டாக இருக்கும் பொருள், மனதுக்கு நெருக்கமான பொருள் எதுவானாலும் முன், பின், ஓரம் என்று மூன்று படமாவது எடுங்கள். ஏற்கெனவே கீறலோ மூக்குடைந்த இடமோ இருந்தால் அதையும் கிட்டத்தில் எடுத்து வையுங்கள், அதை மறைத்தால் பின்னால் மொத்தக் கோரிக்கைக்கும் மதிப்புப் போய்விடும். டிவி, கம்ப்யூட்டர் போன்றவை ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு சின்ன வீடியோ எடுங்கள், சீரியல் நம்பரும் அதில் தெரியட்டும். வெளியே கீறல்கூட இல்லாமல் உள்ளே மட்டும் வேலை செய்யாமல் போனால் அதற்கு நஷ்டஈடு இல்லை என்று பல காப்பீடுகளில் எழுதியிருக்கும். வண்டி ஏறும்வரை நன்றாக ஓடியது என்று காட்ட உங்களிடம் ஒரு சான்றாவது இருக்க வேண்டும்.

அடுத்து பட்டியல். பெட்டிக்கு ஒரு எண் போட்டு, அதில் என்ன, எத்தனை என்று எழுதுங்கள். "பெட்டி 7: பெரிய தட்டு 8, சிறிய தட்டு 8, பீங்கான் கிண்ணம் 6" என்கிற அளவுக்காவது இருக்க வேண்டும். பில் இருந்தால் அதையும் போட்டோ எடுத்து இதே பட்டியலோடு வையுங்கள். ஒரு பிரதி கையில், ஒரு பிரதி போனில், ஒன்று ஏற்றிச் செல்லும் நிறுவனத்திடம் அவர்கள் கையெழுத்தோடு.

மூன்றாவது காப்பீடு. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே இவற்றைக் கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள்:

- நாமே கட்டிய பெட்டிக்குள் உடைந்தால் உண்டா? பல இடங்களில் கிடையாது, அவர்கள் ஆள் கட்டினால்தான் உண்டு. விலை கூடிய இரண்டு மூன்று பொருளை மட்டும் அவர்களிடம் கட்டக் கொடுத்துவிட்டு மற்றதை நாமே கட்டுவது நல்ல வழி, நாங்களும் அப்படித்தான் செய்தோம்.
- நஷ்டஈடு எந்தக் கணக்கில்? எடைக்கு இவ்வளவு, அல்லது ஒரு பொருளுக்கு இவ்வளவுதான் என்று வரம்பு இருந்தால், லேசாகவும் விலை கூடியதாகவும் இருக்கும் கண்ணாடிச் சாமானுக்குக் கிட்டத்தட்ட ஒன்றும் தேறாது.
- செட்டில் ஒன்று உடைந்தால் அந்த ஒன்றுக்கு மட்டுமா, முழு செட்டுக்குமா?
- நாம் முதலில் ஏற்க வேண்டிய தொகை எவ்வளவு? அது பெரிதாக இருந்தால் நாலு தட்டு உடைந்ததற்கு விண்ணப்பித்துப் பயனில்லை.
- உடைந்ததை எத்தனை நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்? இந்த எண்ணைப் பட்டியலின் மேலேயே பெரிதாக எழுதி வையுங்கள்.

இதைக் கேட்கும்போது "அதெல்லாம் நாங்க பார்த்துக்குவோம்" என்று பேச்சை மாற்றினால், அவர்களை விட்டு வேறு ஆளைப் பாருங்கள்.

3. எதற்குப் பணம் செலவழிக்கலாம், எதற்கு வேண்டாம்

பணத்தைப் போட வேண்டிய முதல் இடம் பெட்டி. கண்ணாடி, பீங்கானுக்கு 5 அடுக்கு அட்டைப்பெட்டி வாங்குங்கள், அதாவது நடுவில் இரண்டு வரிசை நெளி அட்டை உள்ளது. ஓரத்தை வெட்டிப் பார்த்தால் அந்த இரண்டு நெளியும் தெரியும். துணி, தலையணைக்கெல்லாம் 3 அடுக்கே தாராளம். கடைகளில் இலவசமாகக் கிடைக்கும் பழைய பெட்டிகளைத் துணிக்கு வைத்துக்கொள்ளுங்கள், தட்டுக்கு வேண்டாம். ஒரு முறை நசுங்கிய அட்டை, ஈரம் பட்டு உலர்ந்த அட்டை இரண்டுக்கும் பழைய பலம் திரும்ப வராது.

இரண்டாவது தாள். அச்சடிக்காத வெள்ளைத் தாளோ பழுப்புத் தாளோ கட்டுக்கட்டாக வாங்குங்கள், போதும் என்று தோன்றுவதற்கு மேல் இன்னும் ஒரு கட்டு. செய்தித்தாளை இடைவெளி அடைக்க வைத்துக்கொள்ளலாம், ஆனால் பொருளின் மேல் நேரடியாகச் சுற்றினால் மை ஒட்டும். வெள்ளைப் பீங்கானில், முக்கியமாக மெருகு இல்லாத அடிப்பகுதியில், அந்தக் கறுப்பு எளிதில் போகாது.

பபிள் ராப்பைப் பொறுத்தவரை அளவோடு வாங்கினால் போதும். எல்லாத் தட்டுக்கும் அதைச் சுற்றினால் செலவும் ஏறும், பெட்டியும் சீக்கிரம் நிரம்பிவிடும். கண்ணாடிச் சட்டம், விளக்கு, சிலை, மின்சாதனம் இவற்றுக்கு வையுங்கள். டேப் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். இரண்டு அங்குல அகல பிரவுன் டேப் நல்லதாகப் பார்த்து வாங்குங்கள், மலிவான டேப் வெயிலில் வண்டிக்குள்ளேயே பிரிந்துவிடும், பெட்டியின் அடி திறந்துகொண்டால் உள்ளே எவ்வளவு அழகாகச் சுற்றியிருந்தும் பயனில்லை.

வீட்டிலேயே இருக்கும் துண்டு, போர்வை, பழைய காட்டன் துணி, சாக்ஸ் எல்லாம் செலவில்லாத மெத்தை. எப்படியும் அவற்றையும் எடுத்துப் போகத்தானே வேண்டும். சாக்ஸுக்குள் சின்ன டம்ளர் கச்சிதமாக நுழையும். ஆனால் துணி மட்டும் போதாது, தாளில் சுற்றிய பிறகு வெளிச்சுற்றாக வையுங்கள்.

தெர்மோகோல் மணிகளை நம்ப வேண்டாம். வண்டி ஆட ஆட அவை விலகி ஓரத்துக்குப் போகும், கனமான பொருள் அடியில் போய் உட்காரும்.

4. பெட்டியை முதலில் பெட்டியாக்குங்கள்

கனமான பொருளுக்குச் சின்னப் பெட்டி, லேசான பொருளுக்குப் பெரிய பெட்டி. இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு பெட்டியைத் தூக்க முடியாமல் நிற்பவர்கள் ஏராளம். உடையும் பொருள் உள்ள பெட்டி 15 கிலோவைத் தாண்ட வேண்டாம், ஒரு ஆள் சிரமமில்லாமல் தூக்கி மெதுவாக வைக்க முடிய வேண்டும். கனத்தால் கை வலிக்கும்போதுதான் எவருமே கடைசி அரை அடியில் பெட்டியைப் "பொத்"தென்று விடுவார்கள்.

அடிப்பக்கம் நடுவில் சேரும் கோட்டில் டேப்பை ஒட்டி, இரண்டு பக்கமும் கைவிரல் நீளத்துக்கு மேலேறும்படி விடுங்கள். அதே கோட்டில் இன்னும் ஒன்று. பிறகு குறுக்கே இரண்டு ஓரத்திலும் ஒவ்வொன்று. அப்புறம் உள்ளே கசக்கிய தாளைப் பரப்புங்கள், அமுக்கினால் 5 முதல் 8 செ.மீ. கனம் நிற்க வேண்டும். கையை விரித்து அழுத்திப் பாருங்கள், அட்டையின் தரை கையில் தட்டுப்பட்டால் இன்னும் தாள் வேண்டும்.

5. தட்டு, கிண்ணம், கப், டம்ளர்

கட்டுவதற்கு முன் ஒவ்வொரு பீங்கானையும் விரல் முட்டியால் லேசாகத் தட்டிப் பாருங்கள். நல்லதாக இருந்தால் கணீரென்று சத்தம் வரும், கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் சத்தம் மந்தமாக, மண்ணில் தட்டினதுபோல் வரும். அப்படிப்பட்டது குலுங்கல் தாங்காது, தனியாக எடுத்து வைத்து இரட்டைச் சுற்றுக் கொடுங்கள், அல்லது கையில் எடுத்துப் போங்கள்.

தட்டு சுற்றும் முறை: மேஜை மேல் ஒரு துண்டை விரித்து அதன் மேல் நாலைந்து தாளை அடுக்கிக்கொள்ளுங்கள். முதல் தட்டை ஒரு மூலைக்குப் பக்கத்தில் வையுங்கள், அந்த மூலையின் இரண்டு தாளைத் தூக்கித் தட்டின் மேல் மூடுங்கள். அதன் மேல் இரண்டாவது தட்டு, இன்னும் இரண்டு தாள். இப்படி மூன்று, பெரிய தட்டாக இருந்தால் இரண்டோடு நிறுத்துங்கள். பிறகு மீதித் தாளின் இரண்டு பக்கத்தையும் உள்ளே மடித்து, கட்டை முழுதாக உருட்டி, ஒரே இடத்தில் டேப் ஒட்டுங்கள். டேப் தாளில் மட்டும்தான் பட வேண்டும். கட்டைக் கையில் எடுத்து காதுக்குப் பக்கத்தில் மெல்ல ஆட்டுங்கள், "க்ளிங்" என்று துளி சத்தம் வந்தாலும் பிரித்து நடுவில் தாள் சேருங்கள்.

தட்டுக் கட்டைப் பெட்டிக்குள் எப்போதும் செங்குத்தாக, ஓரத்தின் மேல் நிற்கும்படி வையுங்கள். படுக்க வைத்து அடுக்கினால் ஒவ்வொரு குலுங்கலிலும் மேலே உள்ள எல்லாத் தட்டின் கனமும் அடித்தட்டின் நடுவில் இறங்கும், எங்களுடையவை உடைந்தது இப்படித்தான், அடியில் இருந்த ஆறும் சரியாக நடுவில் பிளந்திருந்தன. நிறுத்தி வைத்தால் ஒவ்வொரு தட்டும் தன் கனத்தை மட்டும் தாங்கினால் போதும்.

கிண்ணங்களை ஒன்றுக்குள் ஒன்றாக வைக்கலாம், நடுவே இரண்டு தாளாவது இருக்கட்டும், மூன்றுக்கு மேல் அடுக்காதீர்கள். கப்புக்கு முதலில் கைப்பிடி: ஒரு தாளைக் கயிறுபோல் முறுக்கிக் கைப்பிடியின் ஓட்டைக்குள் நுழைத்துச் சுற்றுங்கள், பிறகு முழுக் கப்பையும் சுற்றுங்கள். டம்ளருக்குள் தாளைக் கசக்கி வையுங்கள், திணிக்க வேண்டாம், மெல்லிய கண்ணாடி உள்ளிருந்து அழுத்தினாலே விரியும். தண்டு உள்ள கிளாஸ் என்றால் தண்டைச் சுற்றித் தாளைத் தடிமனாக்கி, அது வாய்ப்பகுதியின் அகலத்துக்கு வந்த பிறகு மொத்தமாகச் சுற்றுங்கள். டம்ளர், கப் எல்லாம் நின்றபடிதான் போக வேண்டும், படுக்க வைக்கக் கூடாது. அட்டையை வெட்டிக் குறுக்கும் நெடுக்குமாகச் செருகி அறை அறையாகத் தடுத்துக்கொண்டால் அறைக்கு ஒன்று வைக்கலாம். பாட்டில் வந்த பெட்டிகளில் இந்தத் தடுப்பு ஏற்கெனவே இருக்கும், கிடைத்தால் விடாதீர்கள்.

கனமான தட்டு கீழே, கிண்ணம் நடுவில், கப்பும் டம்ளரும் மேலே. ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவில் ஒரு அட்டைத் துண்டும் கொஞ்சம் தாளும். மூடியுள்ள ஜாடிகளின் மூடியைத் தனியாகச் சுற்றி, அதே பெட்டியில் வைத்து, தாளின் மேல் "மூடி" என்று எழுதுங்கள்.

6. நிலைக்கண்ணாடி, படச்சட்டம், மேஜைக் கண்ணாடி

முகம் பார்க்கும் கண்ணாடியின் மேல் மாஸ்கிங் டேப்பைப் பெருக்கல் குறிபோல் ஒட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அது உடையாமல் காக்காது, உடைந்தால் சில்லுகள் சிதறாமல் பிடித்துக்கொள்ளும். அதற்காகவே ஒட்டுங்கள், ஆனால் பிரவுன் டேப்பை ஒட்டிவிட்டால் பிசின் கண்ணாடியிலேயே தங்கிவிடும். அதன் மேல் ஒரு தாள், பிறகு கண்ணாடி அளவுக்கு வெட்டிய அட்டை முன்னும் பின்னும், நாலு மூலைக்கும் மடித்த அட்டையோ ஃபோமோ, கடைசியில் பபிள் ராப்.

மூலையையும் ஓரத்தையும் தனியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மேஜை மேல் போடும் கண்ணாடி, ஃபிரிட்ஜ் தட்டு போன்றவை பெரும்பாலும் டெம்பர்டு கண்ணாடி, அதாவது சூடாக்கிப் பலப்படுத்தியது. நடுவில் ஓரளவு அடி தாங்கும், ஓரத்தில் ஒரு கல் பட்டாலே முழுதும் பொடிப்பொடியாகிவிடும். அதனால் அதை வெறும் தரையில் ஓரத்தை ஊன்றி நிறுத்தவே கூடாது, அடியில் மடித்த போர்வை இருக்க வேண்டும்.

எல்லாத் தட்டைக் கண்ணாடியும் நின்றபடிதான் போக வேண்டும், படுக்கப்போட்டால் தன் கனத்தாலேயே நடுவில் வளையும், மேலே ஏதாவது வைத்தார்களோ அதோடு சரி. சலவைக்கல் மேஜைப் பலகைக்கும் இதேதான், தூக்கும்போதும் நிறுத்தியபடியே தூக்குங்கள். வண்டியில் இரண்டு மெத்தைகளுக்கு நடுவே செருகி, சாயாமல் பெல்ட்டால் கட்டச் சொல்லுங்கள்.

கையால் வரைந்த ஓவியம் இருந்தால் பபிள் ராப் நேரடியாக அதன் மேல் படக் கூடாது, குமிழியின் வட்டம் வட்டமான தடம் வண்ணத்தில் பதிந்துவிடும். நடுவில் அமிலமில்லாத தாள் ஒன்றைப் போடுங்கள்.

7. டிவி, கம்ப்யூட்டர், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின்

வாங்கியபோது வந்த பெட்டியும் தெர்மோகோல் அச்சும் பரணில் இருந்தால் அதைவிட நல்ல பேக்கிங் எதுவும் இல்லை. இல்லையென்றால் டிவி அளவுக்குப் பெட்டி வாங்கத்தான் வேண்டும், இந்தச் செலவை மிச்சம் பிடிக்காதீர்கள். ஸ்டாண்டைக் கழற்றுங்கள், ஸ்க்ரூவைச் சின்னக் கவரில் போட்டு "டிவி ஸ்டாண்ட்" என்று எழுதி டிவியின் முதுகில் மாஸ்கிங் டேப்பால் ஒட்டுங்கள். திரைக்கு முதலில் மென்மையான துணி, பிறகு ஃபோம் ஷீட், பிறகு அட்டை. எதுவும் திரையை அழுத்தக் கூடாது, ஸ்ட்ரெச் ஃபிலிமை இறுக்கி இழுத்தாலும் அழுத்தம்தான். டிவி நின்றபடி மட்டுமே போக வேண்டும், ஐந்து நிமிட வேலைக்காகக்கூட மெத்தை மேல் குப்புறப் போடாதீர்கள்.

ஒயர்களைக் கழற்றும் முன் பின்பக்கத்தைப் போட்டோ எடுங்கள், புது வீட்டில் அரைமணி நேரம் மிச்சமாகும். கம்ப்யூட்டரில் உள்ளதையெல்லாம் இன்னொரு டிஸ்க்கில் நகல் எடுத்து, அந்த டிஸ்க்கை உங்கள் கைப்பையில் வையுங்கள், வண்டியில் வேண்டாம். குளிர்ந்த வண்டியிலிருந்து வெதுவெதுப்பான அறைக்குள் கொண்டுவந்த மின்சாதனத்துக்குள் ஈரம் படியும், அது உலர்ந்து அறையின் சூட்டுக்கு வந்த பிறகே ஸ்விட்ச் போடுங்கள்.

ஃபிரிட்ஜை 24 மணி நேரம் முன்பே அணைத்து, பனி உருகி, உள்ளே துடைத்துக் காயவிடுங்கள். கண்ணாடித் தட்டுகளை வெளியே எடுத்துத் தனித்தனியாகச் சுற்றுங்கள், உள்ளேயே விட்டுக் கதவைக் கட்டினால் அவை கதவில் அடித்துக்கொண்டே வரும். நின்றபடி கொண்டுபோகச் சொல்லுங்கள். வேறு வழியில்லாமல் படுக்க வைத்திருந்தால் கம்ப்ரஸர் எண்ணெய் குழாய்க்குள் இறங்கியிருக்கும், நிறுத்தி வைத்து ஒரு நாள் பொறுத்துப் போடுவது பாதுகாப்பு.

முன்பக்கம் கதவுள்ள வாஷிங் மெஷினுக்குப் பின்னால் டிரம்மைப் பூட்டும் போல்ட்டுகள் வாங்கும்போது வந்திருக்கும். தேடி எடுத்து மாட்டுங்கள். புது வீட்டில் ஓட்டும் முன் மறக்காமல் கழற்றுங்கள், போல்ட்டோடு ஓட்டினால் மெஷின் நாசமாகிவிடும்.

8. சில்லறைப் பொருட்கள்

விளக்குகளிலிருந்து பல்பைக் கழற்றித் தனியாகக் கட்டுங்கள். எல்.இ.டி. அல்லாத பழைய வகை டியூப் லைட்டிலும் சுருள் பல்பிலும் பாதரசம் இருக்கிறது, அவை சமையலறைப் பெட்டியில் சேரவே கூடாது. பெண்டுலம் கடிகாரத்தில் பெண்டுலத்தைக் கழற்றிவிடுங்கள். திரவம் உள்ள கண்ணாடி பாட்டில் என்றால் மூடியைக் கழற்றி வாயில் ஒரு பிளாஸ்டிக் துண்டை வைத்து மறுபடி திருகி, தனிக் கவரில் போட்டு நிறுத்தி வையுங்கள். ஸ்ப்ரே டப்பா, பெயின்ட், எரிவாயு சிலிண்டர் இவற்றை வண்டியில் ஏற்ற விடமாட்டார்கள், முன்பே வழி பார்த்துவிடுங்கள்.

9. மூடும் முன் ஆட்டிப் பாருங்கள்

பெட்டி விளிம்புவரை நிரம்ப வேண்டும். மேலே 5 செ.மீ. கசக்கிய தாள், மூடினால் மூடி சமமாக, லேசாக எதிர்த்துக்கொண்டு உட்கார வேண்டும். உப்பிக்கொண்டு நின்றால் அதிகம். விரலால் அமுக்கும்போது உள்ளே போனால் குறைவு, அதன் மேல் இன்னொரு பெட்டி வைத்ததும் அப்படியே அமுங்கும். டேப் ஒட்டும் முன் பெட்டியைத் தரையை விட்டு ஒரு விரல் அளவு தூக்கி இடமும் வலமும் மெதுவாக ஆட்டுங்கள். உள்ளே ஏதாவது நகர்வது கைக்குத் தெரியும், சத்தம் வராவிட்டாலும் தெரியும். நகர்ந்தால் திறந்து பக்கங்களில் தாளைச் சொருகுங்கள். எனக்கு முதல் நாலு பெட்டியையும் இப்படித் திரும்பத் திறக்க வேண்டியிருந்தது, சலிப்பாகத்தான் இருக்கும், ஆனால் முழு வேலையிலும் பலன் அதிகம் தருவது இந்த அரை நிமிடம்தான்.

மேலே மட்டும் எழுதினால் அடுக்கிய பிறகு தெரியாது, இரண்டு பக்கவாட்டிலும் எழுதுங்கள்: பெட்டி எண், போக வேண்டிய அறை, "உடையும் பொருள்", மேல்நோக்கிய இரண்டு அம்புக்குறி. தூக்குபவருக்கு உங்கள் மொழி படிக்கத் தெரியாமல் இருக்கலாம், அதனால் ஒயின் கிளாஸ் படத்தையும் வரைந்துவிடுங்கள், ஐ.எஸ்.ஓ. 780 என்ற சர்வதேசத் தரத்தில் உடையும் பொருளுக்கான குறி அதுதான், உலகம் முழுக்கப் புரியும். உள்ளே இருக்கும் விலை உயர்ந்த பொருளின் பெயரை வெளியே எழுத வேண்டாம், அது பட்டியலில் இருந்தால் போதும். எல்லாப் பெட்டியிலும் "உடையும்" என்று எழுதிவிடுவதும் தவறு, துணிப் பெட்டியிலும் அதையே பார்க்கும் ஆட்கள் பிறகு எதையுமே நம்பமாட்டார்கள்.

10. ஏற்றும்போது அங்கேயே நில்லுங்கள்

உடையும் பெட்டிகளை எல்லாம் ஒரே மூலையில் சேர்த்து வைத்து, ஆட்கள் வந்ததும் தலைமையாக இருப்பவரிடம் காட்டி, "இவை 12 பெட்டி, இதன் மேல் எதுவும் வேண்டாம்" என்று எண்ணிக்கையோடு சொல்லுங்கள். வண்டியின் பின் சக்கரத்துக்கும் பின்னால் உள்ள பகுதிதான் மேடு பள்ளத்தில் அதிகம் துள்ளும், அங்கே தலையணை, துணி போன்றவை போகட்டும். கனமான சாமான் கீழே, உடையும் பெட்டி அதன் மேல், எல்லாம் முட்டுக்கொடுத்து நெருக்கமாக. வண்டி என்பதும் ஒரு பெரிய பெட்டிதான், அதிலும் இடைவெளி விட்டால் அதே கதை.

அவர்கள் எழுதும் பட்டியலில் உங்கள் பொருளுக்கு எதிரே "கீறல்", "பழையது" என்று போட்டிருக்கிறார்களா என்று படித்துப் பாருங்கள். இல்லாத கீறலை எழுதியிருந்தால் அப்போதே உங்கள் போட்டோவைக் காட்டித் திருத்தி வாங்கிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

11. இறங்கியதும், கையெழுத்துக்கு முன்

நாங்கள் முதல் தடவை சறுக்கிய இன்னொரு இடம் இது. இருட்டிவிட்டது, ஆட்கள் கிளம்ப அவசரப்பட்டார்கள், "எல்லாம் நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்று அச்சடித்த தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

நீங்கள் முதலில் பெட்டி எண்களைப் பட்டியலோடு டிக் அடியுங்கள். மூலை நசுங்கியது, ஈரமானது, டேப் பிரிந்தது, தூக்கினால் சலசலப்பது, இந்த நாலு வகைப் பெட்டியையும் அவர்கள் எதிரிலேயே திறங்கள். உடைசல் இருந்தால் அந்த ரசீதிலேயே எந்தப் பெட்டி, எந்தப் பொருள் என்று எழுதி, அவர்களிடமும் கையெழுத்து வாங்கி, அதைப் போட்டோ எடுங்கள். திறக்க விடாமல் அவசரப்படுத்தினால் "பெட்டிகள் இன்னும் திறந்து பார்க்கப்படவில்லை" என்று எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பிறகு, நீங்கள் பட்டியலின் மேலே எழுதிவைத்த கெடுவுக்குள் எழுத்தில் தெரிவியுங்கள், போனில் சொன்னது கணக்கில் வராது.

உடைந்ததைக் கூட்டிப் பெருக்கித் தள்ளிவிடாதீர்கள். சில்லு, சுற்றியிருந்த தாள், பெட்டி மூன்றையும் அப்படியே ஒரு ஓரமாக வையுங்கள், எப்படிக் கட்டப்பட்டிருந்தது என்று பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்வார்கள். பணம் வரும்வரை அவை அங்கேயே இருக்கட்டும்.

12. பிரிக்கும்போது

பெட்டியைத் தரையில் வைத்துப் பிரியுங்கள், மேஜை மேல் வேண்டாம். கட்டர் பிளேடை டேப்பின் ஆழத்துக்கு மட்டும் நீட்டுங்கள். பக்கத்தில் ஒரு துண்டை விரித்துக்கொண்டு ஒவ்வொரு பொருளையும் அதன் மேல்தான் உருட்டிப் பிரிக்க வேண்டும், தாளின் நுனியைப் பிடித்து உதறவே கூடாது. கெடு முடிவதற்குள் உடையும் பெட்டிகளை மட்டுமாவது பிரித்துவிடுங்கள், துணியெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

காலித் தாளைக் குப்பைப் பையில் போடும் முன் ஒவ்வொன்றையும் கையால் அமுக்கிப் பாருங்கள். சின்ன மூடி, ஸ்க்ரூ கவர், கடிகாரத்தின் பெண்டுலம் எல்லாம் அந்தத் தாளோடு போய்விடும். எங்கள் வீட்டில் ஒரு கிண்ணத்தின் மூடி இப்படித்தான் பைக்குள் போய், வாசலில் வைத்த பையை மறுபடி உள்ளே கொண்டுவந்து தேடி எடுத்தோம்.